மயிலுக்கும் படகுக்கும் நடுவே

1

போன வாரம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பம் அடித்தேன். துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களை அடித்துக் கொடுப்பதுதான் இருபத்தெட்டு வருடமாக என் பிழைப்பு. விசா, லேபர் கார்டு, பிள்ளை பிறந்த பதிவு என்று எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். சொந்த விண்ணப்பம் மட்டும் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும். அன்றைக்கு மட்டும் விரல் கொஞ்சம் தடுமாறும்.

என் மனைவிக்கு ஒரு கிளினிக்கில் ஆறு மணி வரை டூட்டி. அதனால் மகள் ஹஸீனா பள்ளி விட்டதும் கடைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பதினாறு வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“வாப்பா, பிறந்த இடம் நாகூர், டிஸ்ட்ரிக்ட் நாகப்பட்டினம்னு இருக்கே. நீங்க நாகப்பட்டினமா? அப்ப ஏன் மயில் ஃப்ளாக் புடிச்சீங்க?”

“அது பழைய ஃபார்ம்மா. மாத்தாம அப்படியே வருது” என்றேன்.

அந்த ஃபார்ம் அப்போதுதான், என் பத்து விரலால், அவள் கண்ணெதிரில் அடித்தது. அவள் நம்பிவிட்டாள். கையிலிருந்த ஜூஸை உறிஞ்சிக்கொண்டு போனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவள் நம்பாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது. அடுத்து அடித்த ஒரு பெங்காலியின் விண்ணப்பத்தில் மூன்று பிழை விட்டேன். முதலாளி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

கையில் மயில் கொடியோடு, தலையில் தொப்பியோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் நடந்துபோகும் படத்தைச் சில வருடங்களுக்கு முன்னால் ஊரில் நிறையப் பேர் பார்த்தீர்கள். ‘தலைவருக்கு வாழ்த்துகள்’ என்று எழுதினீர்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இதையும் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாளில் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டாகக் கிடந்தது. வடக்கே மாயவரம் என்கிற மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, பொறையார். தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம். நடுவில் காரைக்கால். அது புதுச்சேரியைச் சேர்ந்தது. பொறையார்க்காரன் கலெக்டர் ஆபீசில் ஒரு மனுக் கொடுக்க வேண்டுமென்றால் நண்டலாறு செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டை விட்டு வெளியேறி, வாஞ்சூர் செக்போஸ்ட்டில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைய வேண்டும். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே இரண்டு எல்லைகளைத் தாண்டிவிடுவோம்.

நான் பிறந்தது நாகூரில். பெண் எடுத்தது பொறையாரில். எங்கள் கடலோர ஊர்களில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவது பல குடும்பங்களில் வழக்கம். வீடு பெண்ணுக்குத்தான். அதனால் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொறையாருக்குப் போனேன். ரேஷன் கார்டு அங்கே மாறியது, பாஸ்போர்ட்டிலும் பொறையார் முகவரி ஏறியது.

காதர் இதற்கு நேர் எதிர். பொறையாரில் பிறந்தவன். பெண் எடுத்தது நாகூரில். அவன் பாஸ்போர்ட்டில் நாகூர் முகவரி.

துபாய்க்கு வந்த புதிதில் கராமாவில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். இரட்டைக் கட்டிலில் கீழே காதர், மேலே நான். அவன் ஊருக்கு நான் மாப்பிள்ளை, என் ஊருக்கு அவன் மாப்பிள்ளை. அவன் என்னை ‘மாப்ள’ என்பான், நானும் அவனை ‘மாப்ள’ என்பேன். அறையில் மாப்ள என்று யாராவது கூப்பிட்டால் இருவரும் திரும்பிப் பார்ப்போம். அவன் லீவில் போகும்போது நாகூரில் என் உம்மாவைப் பார்த்துவிட்டு வருவான். நான் போகும்போது பொறையாரில் அவன் உம்மாவைப் பார்ப்பேன். இரண்டு உம்மாக்களும் சொந்த மகனைவிட வந்த மகனிடம்தான் அதிகம் பேசினார்கள்.

அவன் தையல்காரன். அரபிகள் போடும் வெள்ளைக் கந்தூரா தைக்கும் கடையில் வேலை. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். யார் ஊருக்குப் போனாலும் அட்டைப்பெட்டியைக் கட்டி முடித்ததும் மார்க்கரை என்னிடம்தான் நீட்டுவார்கள். பெயர், ஊர், மாவட்டம், போன் நம்பர். திருச்சி ஏர்போர்ட் பெல்ட்டில் என் எழுத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்வார்கள். காதரின் பெட்டியில் மட்டும் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

3

வருடத்துக்கு ஒருமுறை ஷார்ஜாவில் ஒரு மைதானத்தில் தமிழ்நாட்டு மாவட்டச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து விளையாட்டு விழா நடத்தும். தொடக்கத்தில் அணிவகுப்பு. ஒவ்வொரு மாவட்டமும் தன் கொடியோடு நடந்து வரும். மாவட்டங்களுக்குக் கொடி எங்கே இருக்கிறது? நாங்களே உண்டாக்கிக்கொண்டவைதான். மற்றவர்கள் ஃபிளெக்ஸில் அச்சடித்துக்கொண்டு வந்தார்கள். எங்களுடையது துணி. காதர் தைத்தது. ஒரு பக்கம் பச்சையில் மயில், மாயவரத்துக்காக. மறுபக்கம் நீலத்தில் படகு, நாகப்பட்டினத்துக்காக. இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. அது எதற்கு என்று கேட்டேன்.

“அதான் காரைக்கா. நம்ம ஊரு இல்லதான். ஆனா அதத் தாண்டாம போவ முடியுமா?” என்றான்.

அப்புறம் ஊரில் மாவட்டம் பிரிந்த செய்தி வந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டம். இனி பொறையார்க்காரர்கள் காரைக்காலைத் தாண்டாமல் கலெக்டரைப் பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு அது நல்ல காரியம், அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கராமாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் என்ன வந்தது?

வந்தது. சங்கத்தில் நான் எத்தனையோ வருடமாக இணைச் செயலாளர். அதாவது ஃபார்ம் அடிப்பவன், நாற்காலிக்குச் சொல்லி வைப்பவன், படம் எடுக்கும்போது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவன். புது மாவட்டத்துக்குப் புதுச் சங்கம் என்றால் புதுத் தலைவர் வேண்டும். அந்த எண்ணம் செய்தி வந்த அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. மண்ணின் பெருமை, தனி அடையாளம் என்றெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நீளநீளமாக எழுதினேன். அத்தனைக்கும் அடியில் இருந்தது இவ்வளவுதான்: கொடியை நான் பிடிக்க வேண்டும்.

புதுச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தையும் நானே அடித்தேன். பழைய படிவத்தில் ‘பிறந்த ஊர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை வைத்தால் காதர் உள்ளே, நான் வெளியே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு ‘பாஸ்போர்ட்டில் உள்ள முகவரி’ என்று அடித்தேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நாட்களில் ஹஸீனா, இந்த நாட்டுக் கொடி நாளுக்காகப் பள்ளியில் கொடுத்த வேலையாக, ஏழு எமிரேட்டுகளின் பழைய கொடிகளை வரைந்துகொண்டிருந்தாள். எல்லாம் சிவப்பும் வெள்ளையும். துபாய்க்கும் அஜ்மானுக்கும் ஒரே கொடியாக இருக்கிறதே, யாருடையது எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதே மேசையின் மறுபக்கம் நான் மயிலுக்குத் தோகை வரைந்துகொண்டிருந்தேன். அந்தக் குழப்பம் வரக் கூடாதுன்னுதான் வாப்பா தனியாக் கொடி போடுறேன் என்று பதில் சொன்னேன். நல்ல பதில் சொன்னதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

கராமாவில் ஓர் ஓட்டலின் மாடியில் கூட்டம். பெயர்களைப் பிரித்து நான்தான் வாசித்தேன். காதரின் பெயர் நாகப்பட்டினம் பட்டியலில் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், காதர் பாய் பொறையார் ஆள் இல்லையா என்று கேட்டார்.

“ரூல்னா எல்லாருக்கும் ஒரே ரூல்தான். பாஸ்போர்ட் என்ன சொல்லுதோ அதான்” என்றேன்.

காதர் என்னைப் பார்த்தான். ‘அப்ப நீ எங்கே பொறந்தே?’ என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாடியே சிரித்திருக்கும். அவன் கேட்கவில்லை. மாப்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

கொடி யாருக்கு என்று அடுத்த தகராறு. இரண்டு பக்கமும் விடவில்லை. வெட்டிப் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்வோம் என்று யோசனை சொன்னவன் நான்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தைத்தவன் வெட்டினால் நூல் பிரியாமல் வரும் என்று வேறு சொன்னேன். காதர் எழுந்து கீழே போய், தன் கடையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளைப் பட்டையின் இரு ஓரத்திலும் வெட்டினான். மயிலை என்னிடமும் படகை அவர்களிடமும் கொடுத்தான். ஓரம் மடித்துத் தைக்க ஒரு நாள் வேண்டும் என்றான். மிஞ்சிய வெள்ளைத் துணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதை யாரும் கேட்கவில்லை.

4

எங்கள் மேல் இருந்த கோபத்தில் பழைய சங்கத்தார் தங்கள் விதியை இறுக்கிக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டாவது ஒன்றாவது, பிறந்த மண்தான் கணக்கு என்றார்கள். ஆக, என் விதிப்படி நான் மயிலாடுதுறைக்காரன். அவர்கள் விதிப்படி நாகப்பட்டினத்துக்காரன். நினைத்தால் இரண்டிலும் இருக்கலாம். காதர் எங்கள் விதிப்படி நாகூரான், அவர்கள் விதிப்படி பொறையாரான். அவனுக்கு இரண்டிலும் இடமில்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதித் திட்டத்தைப் போட்டவன் நான்.

சங்கம் என்றால் கொடியும் பிரியாணியும் மட்டும் இல்லை. உறுப்பினர் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முறை போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்போம். காலையில் ஒருவர், டூட்டி முடிந்து ஒருவர். குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, மயக்கம் தெளிந்து கண் திறந்தால் ‘என்னப்பா, தண்ணி வேணுமா’ என்று தமிழில் ஒரு குரல் கேட்கவேண்டும். எங்கள் சங்கத்தில் அந்த முறைப் பட்டியலை ஆரம்பித்ததே காதர்தான். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஒன்பது நாளும் என் தலைமாட்டில் இருந்தவனும் அவன்தான்.

பித்தப்பையில் கல் என்று அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். அவன் கடைக்காரர் இரண்டு குழுக்களுக்கும் செய்தி போட்டார். ‘அவர் அந்தச் சங்கம் அல்லவா’ என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார். அங்கேயும் அதேபோல எழுதியிருப்பார்கள். நான் செய்தியைப் பார்த்தேன். பார்த்தவர்கள் பட்டியலில் என் பெயரும் ஏறியிருக்கும். விதி போட்ட தலைவனே விதியை மீறிப் போனால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. தனியாக, மாப்பிள்ளையாக, போயிருக்கலாம். அவன் அங்கே படுத்திருந்த மூன்று நாளும் எனக்கு வேலை இருந்தது. என்ன வேலை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாலாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் தமிழ்ப் பெண், கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“நீங்களா சார் அந்த மாப்ள? இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு மூணு நாளா சொல்லிட்டே கெடந்தாரு.”

நான் இல்லை என்றேன். பழத்தை அவளிடமே கொடுத்துவிட்டு லிஃப்ட்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினேன்.

அதன்பின் காதரைத் தெருவில் பார்ப்பேன். ஸலாம் சொல்வான், நானும் சொல்வேன். உடம்பு எப்படி என்று கேட்பேன். நல்லா இருக்கேன் மாப்ள என்பான். இப்படியே வருடங்கள் போயின.

5

ஹஸீனாவிடம் நான் பொய் சொன்ன அதே வாரத்தில் காதரின் போன் வந்தது. விசாவை கேன்சல் அடித்துவிட்டானாம். கண் பார்வை மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஃப்ளைட். ஒரே போக்கு, இனி வர மாட்டான். பெட்டி கட்டியாகிவிட்டது, எழுத வர முடியுமா என்று கேட்டான். வேறு யாரையாவது வைத்து எழுதியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டான்.

ஹஸீனா தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

அதே தெரு, வேறு அறை. காதர் மெலிந்திருந்தான். ஹஸீனாவைப் பார்த்ததும், பொறையார்ப் புள்ள என்னம்மா வளந்துட்டே என்று சிரித்தான். கட்டிலுக்கடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்தான். கயிறு போட்டு, டேப் ஒட்டி, வழக்கம்போல அழகாகக் கட்டியிருந்தான். மார்க்கரை நீட்டினான்.

பெயரை எழுதினேன். ஊர் நாகூர் என்று எழுதினேன். அடுத்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மாவட்டம். அந்த ஒரு சொல்லை எத்தனை பெட்டியில் எழுதியிருக்கிறேன். மார்க்கர் முனை அட்டையில் ஊறி ஒரு கறுப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

“மாப்ள, அந்த ஃபார்ம்ல பொறந்த ஊர்ங்குற கட்டத்த நான்தான் அழிச்சேன்” என்றேன்.

“தெரியும்” என்றான். “பழைய ஃபார்ம் என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சுல்ல.”

“நான் பொறந்தது நாகூர்னு நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

ஹஸீனா என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன். அதைச் சத்தமாகச் சொன்னேனா, வாய்க்குள்ளேயே சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது.

“கொடிய வெட்டுனது, பேர அடிச்சது, அதெல்லாம் நான் அப்பவே விட்டுட்டேன். சங்கமில்லாம இருந்துரலாம் மாப்ள. ஆனா மூணு நாளு. கதவு தொறக்குற சத்தம் கேட்டாத் திரும்பிப் பாப்பேன். தையல் போட்ட வயிறு, திரும்புனா வலிக்கும். தெரிஞ்சும் திரும்புவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். இத்தனை வருடமும் அதைத் தூக்கி வைத்திருந்து, போகிற நேரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். எழுது, நேரமாவுது என்றான். மாவட்டம் என்ற வரியை விட்டுவிட்டுப் போன் நம்பரை எழுதினேன். என் எழுத்து அப்படிக் கோணலாக விழுந்து நான் பார்த்ததில்லை.

காதர் தலையணைக்கடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தான். நான்கு விரல் அகல வெள்ளைப் பட்டை. இரு ஓரத்திலும் பச்சையும் நீலமுமாக நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு துண்டுக்கும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தவன் இதைத் தைக்காமலே வைத்திருந்திருக்கிறான். அதைக் கயிற்றில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டான். பெல்ட்டில் பெட்டி வரும்போது அடையாளம் தெரியவேண்டும், எல்லாருடைய அட்டைப்பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும் என்று ஹஸீனாவிடம் விளக்கினான்.

“எந்த டிஸ்ட்ரிக்ட்னு தெரியறதுக்கா மாமா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. என் பெட்டின்னு தெரியறதுக்கு.”

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் நின்றாள். பாஸ்போர்ட் ஃபார்மைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அதைக் கேட்கவில்லை.

“வாப்பா, மாமா ஹாஸ்பிட்டல்ல இருந்த அந்த மூணு நாளும் நீங்க எங்க இருந்தீங்க?”

டூட்டி என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நான் என்ன சொன்னாலும் நம்புகிற பெண். அந்த வாரம் அவளிடம் ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

“ஷார்ஜா கிரவுண்ட்ல இருந்தேன்மா” என்றேன். “கொடி சாயாம எப்படி நடக்குறதுன்னு ப்ராக்டிஸ் பண்ணிட்டிருந்தேன்.”